அறுநூறு மில்லி ஆயில்

காதுக்காரர் என்றுதான் அந்த வட்டாரத்தில் அவரைச் சொல்வார்கள். சின்ன எஞ்சின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், மருந்து தெளிக்கிற மிஷின், புல் வெட்டுகிற மிஷின், எது வந்தாலும் முதலில் ஓடவிட்டு, தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்பார். "வால்வு இடைவெளி கூடிப்போச்சு" என்பார். "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். "எஞ்சின் முனகினா கேக்குது, நான் தொண்டை கிழியக் கத்தினா கேக்காது" என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு வாரம் விடாமல் மழை கொட்டி, ஓய்ந்து, வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கிய மூன்றாவது நாள். காலை பத்தரை இருக்கும். கட்டட வேலை மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, உடனே வாங்க. தொட்டிக் குழி ஒரு பக்கம் சரிஞ்சிடுச்சு. உள்ள ஆள் மாட்டிக்கிட்டாரு. பம்பு ஓடிக்கிட்டிருக்கு. அது நின்னா குழி ரொம்பிடும். பம்பைப் பாத்துக்க நீங்க வேணும்."

"யாரு மாட்டினது?"

 "நீங்க வாங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு மேஸ்திரி வைத்துவிட்டார்.

காதுக்காரருக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அந்த மேஸ்திரியிடம் கொத்தனாராக இருந்தவர் அவருடைய தங்கையின் கணவர். ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றுமில்லை. வேலையிடத்தில் ஒட்டடைக்கம்பு என்றுதான் பெயர். அவரே சிரித்துக்கொண்டு, "ஒட்டடைக்கம்பு பேசறேன்" என்று போனில் சொல்லுவார்.

பைப்பையும் ஸ்பேனர்களையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஆயில் டப்பா ஒன்றையும் எடுத்து, ஸ்கூட்டரைக் கிளப்பினார். பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது, எந்தப் பம்பு அது என்று.  வண்டியை நிறுத்தாமலேயே போனார்.

பத்து நாளைக்கு முன்னால் அந்தப் பம்பை அவர் கடைக்குக் கொண்டுவந்தவரே தங்கை மாப்பிள்ளைதான். ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். காற்றில் குளிர்கிற ரகம். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. முன்னால் சுற்றுகிற சக்கரத்திலேயே விசிறி இருக்கும். அது வீசுகிற காற்றை ஒரு வளைந்த தகரம் மறித்து, சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக இருக்கிற செதில்களுக்குள் திருப்பிவிடும். எஞ்சினுக்குள் இருப்பதோ மொத்தம் அறுநூறு மில்லி ஆயில். ஒரு சொம்பு நிறையக்கூட வராது. உராய்வைத் தடுப்பதும் அதுதான், உள்ளே இருக்கிற சூட்டை வாங்கி வெளியே கடத்துவதும் அதுதான். செதில்கள் குளிர்ந்தால் ஆயில் குளிரும். ஆயில் குளிர்ந்தால் எஞ்சின் பிழைக்கும்.

காற்றைத் திருப்புகிற அந்தத் தகரம் துருவேறி, போல்ட்டைக் கழற்றும்போதே அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. புதிதாக ஒன்று வெட்டிப் பொருத்த வேண்டும் என்று நினைத்துத் துண்டுகளைக் குப்பையில் எறிந்தார். மறுநாள் வேறு வேலை. அதற்கு மறுநாள் மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். "என்ன மச்சான், எஞ்சினுக்கு வைத்தியம் பாக்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?" என்று கேலி பண்ணினார். காதுக்காரர் கயிற்றை இழுத்து ஓடவிட்டுக் கேட்டார். சத்தம் பளிங்கு மாதிரி இருந்தது. அரை மணி நேரம் ஓடி நிற்கிற பம்புதானே, அடுத்த தடவை வரும்போது தகரம் மாட்டிக்கொள்ளலாம் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். தகரம் இல்லை என்று வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. சொல்லுகிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே அப்போது தோன்றவில்லை.

*

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஆறடி அகலச் சந்து. சந்தின் கடைசியில் வலப்பக்கம் திரும்பினால் பன்னிரண்டடி ஆழத்துக்குத் தோண்டிய நிலத்தடித் தொட்டிக் குழி. பம்பு சந்துக்குள்ளேயே, திருப்பத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. அதற்குப் பக்கத்தில் நின்றால் குழி தெரியாது. சுவர் மறைக்கும்.

காதுக்காரர் முதலில் குழியோரம் ஓடினார். கலங்கிய தண்ணீரில் இடுப்புவரை மூழ்கி மாப்பிள்ளை உட்கார்ந்த வாக்கில் இருந்தார். பழைய அஸ்திவாரத்துக் கான்கிரீட் உத்தரம் ஒன்று சரிந்து வந்து, முழங்காலுக்குக் கீழே இடது காலை அமுக்கியிருந்தது. அதன்மேல் மண். மண்ணுக்கு மேல் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அவ்வளவு உயரமான மனிதர் எழுந்து நிற்க முடிந்திருந்தால் தண்ணீர் தொடைக்குக்கூட வந்திருக்காது.

"வந்துட்டீங்களா மச்சான்?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "உங்க எஞ்சின்தான் தாலாட்டுப் பாடிக்கிட்டிருக்கு. நிறுத்திடாதீங்க."

"பேசாம இருங்க மாப்ள. தெம்பை வீணாக்காதீங்க" என்றார் காதுக்காரர். 

தீயணைப்புக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் வண்டி சந்துக்குள் நுழையவில்லை. வண்டியில் இருந்த பம்பின் குழாய் குழிவரை எட்டவில்லை. தூக்கிக்கொண்டு போகிற சின்னப் பம்பு வெள்ளம் புகுந்த வேறொரு பகுதிக்குப் போயிருந்தது. இரண்டு வாரமாகத் தெருவில் மின்சாரமும் இல்லை. மேஸ்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு யார் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லார் வீட்டுக்குள்ளும் மழைத் தண்ணீர். வாடகைப் பம்பு ஒன்றுகூடச் சும்மா இல்லை.

தீயணைப்பு அதிகாரி நரைத்த மீசைக்காரர், நிதானமான ஆள். காதுக்காரரைத் தனியே அழைத்தார்.

"சுவத்துக்கு முட்டுக் கொடுக்காம உத்தரத்தைத் தூக்க முடியாது. தூக்கினா மிச்சமும் சரியும். மரம் வரணும், முட்டுக் கொடுக்கணும், அப்புறம் ஜாக்கி. மத்தியானம் மூணு மணி ஆயிடும். அதுவரைக்கும் தண்ணி ஏறக் கூடாது. ஏறினா ஆளுக்கு மட்டும் ஆபத்தில்ல, மண்ணு ஊறிச் சுவரே வந்துடும். பம்பு தாங்குமா?"

மணி பத்தே முக்கால்.

தாங்காது என்று காதுக்காரருக்குத் தெரியும். அதிகாரியின் தோளுக்குப் பின்னால் தங்கை நின்றுகொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளித் தையல் கடையில் வேலை அவளுக்கு. செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"நிக்காதுல்ல அண்ணே?" என்றாள்.

"நிக்காதும்மா" என்றார் அவர்.

*

பம்பின் பக்கத்தில் போய் மண்டியிட்டார். சந்துக்குள் காற்று அசையவில்லை. எஞ்சின் கக்கிய சூடு இரண்டு சுவருக்கும் நடுவே தேங்கி நின்றது. அதே சூட்டையே விசிறி திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தகரம் இருக்க வேண்டிய இடம் திறந்து கிடந்தது. விசிறிக் காற்று செதில்களைத் தொடாமலே பக்கவாட்டில் வீணாகப் போவதைக் கையை நீட்டியே உணர முடிந்தது. எஞ்சினின் வயிற்றுப் பக்கம், ஆயில் கிடக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தார். அடுப்பு.

முதல் வேலையாக நிழல். நாலு தொழிலாளர்கள் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்தார்கள். பிறகு சாக்கு. ஒரு கோணிச் சாக்கை நனைத்து எஞ்சினின் அடிவயிற்றில் மட்டும் சுற்றினார். பம்பு வெளியேற்றுகிற குழாயில் ஆணியால் ஒரு துளை போட்டு, அதிலிருந்து நூல் மாதிரி வருகிற தண்ணீரைச் சாக்கின் மேல் விழும்படி கட்டினார். ஒரு பெயிண்டர் உதவ வந்து வாளித் தண்ணீரை எஞ்சின் தலையில் ஊற்றப் போனார். காதுக்காரர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"மேல பட்டா விரிசல் விட்டுடும்! வயித்துக்கு மட்டும்தான். தலைக்குக் கூடாது."

சாக்கிலிருந்து ஆவி எழுந்தது.

பதினொன்றரைக்கு வாசனை வந்துவிட்டது. தாளித்த எண்ணெய் தீய்கிற மாதிரி, ஆனால் இனிப்பாக, குமட்டுகிற வாசனை. ஆயில் வேகிறது என்று அர்த்தம். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஓடும்போது பார்க்க முடியாது. மூடியைத் திறந்தால் கொதிக்கிற ஆயில் முகத்தில் அடிக்கும். அதிகாரியிடம் போய், "மூணு நிமிஷம் நிறுத்தணும்" என்றார்.

"மூணு நிமிஷத்துல நாலு விரக்கடை ஏறும்" என்றார் அதிகாரி. "சரி. பண்ணுங்க."

நிறுத்தினார். திடீரென்று அமைதி. திருப்பத்துக்கு அப்பாலிருந்து, "என்னாச்சு? ஏன் நின்னுச்சு?" என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "ஒண்ணுமில்ல, அண்ணன் ஆயில் பாக்குது" என்று தங்கை பதில் சொன்னாள். காதுக்காரர் மூடியைத் திருகி அளவு குச்சியை எடுத்தார். நுனியில் மட்டும் ஈரம். கறுப்பாக, தண்ணீர் மாதிரி, சொட்டாமல் வழிந்து ஓடியது. ஆயில் என்றால் குச்சியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். இது பிடிமானமே இல்லாத ஆயில். குறைந்ததை ஊற்றி நிரப்பி, கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் தகரம் செய்யலாமே என்று தோன்றியது. அது ஏன் முன்னமே தோன்றவில்லை என்று பின்னாளில் எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டார். தோன்றத்தான் செய்தது. செய்தால் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும் என்று மனசுக்குள் எதுவோ அரை மணி நேரம் அதைத் தள்ளி வைத்தது. இதுதான் உண்மை.

பெயிண்டரிடம் காலி டப்பா ஒன்று கேட்டு வாங்கி, வெட்டி, விரித்து, தொடையில் வைத்து வளைத்தார். ஓடுகிற எஞ்சினின் பக்கவாட்டில் அதைச் செருகி, கட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டினார். கம்பியை முறுக்கும்போது இரண்டு விரலின் தோல் செதிலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. கட்டி முடித்ததும் காற்று செதில்களுக்குள் சீறிப் புகுந்தது. மறுபக்கம் கையை வைத்துப் பார்த்தார். கொதிக்கிற காற்று வெளியே வந்தது. அப்படித்தான் வர வேண்டும். சூடு வெளியேறுகிறது.

"அடேங்கப்பா! எப்படிண்ணே இந்த யோசனை வந்துச்சு?" என்றார் பெயிண்டர். தார்ப்பாய் பிடித்திருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் தங்கையிடம் போய், "உங்க அண்ணன் பெரிய மூளைக்காரரும்மா. பெயிண்ட் டப்பாவையே எஞ்சினுக்கு விசிறி ஆக்கிட்டாரு" என்று சொல்வது காதில் விழுந்தது. காதுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டாவது தடவையாக நிறுத்தினார். இந்த முறை மேலாக ஊற்றுவது போதாது, வெந்துபோன ஆயிலை முழுக்க இறக்கியாக வேண்டும். அடி போல்ட்டைக் கழற்றியதும் கறுப்புத் திரவம் பீய்ச்சிக்கொண்டு வந்தது. கடைசிச் சொட்டுகளில் வெயில் பட்டபோது பொடிப் பொடியாக என்னவோ மின்னியது. உலோகத் தூள். உள்ளே தேய ஆரம்பித்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். கொண்டுவந்த டப்பாவில் மிச்சமிருந்த ஆயிலை ஊற்றினார்.

கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். சூடேறிய எஞ்சின் பெட்ரோலை ஆவியாக்கி மூச்சு முட்டிக் கிடந்தது. ஐந்து, ஆறு, ஏழு. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. "அண்ணே!" என்று தங்கையின் குரல் கேட்டது. "தண்ணி நெஞ்சுக்கு வந்திடுச்சுண்ணே!" எட்டு, ஒன்பது. பெயிண்டர் கயிற்றை வாங்கிப் பத்தாவது தடவை இழுத்தார். பதினொன்றாவது இழுப்பில் இருமிக்கொண்டு எஞ்சின் எழுந்தது.

காதுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் யாரோ தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்கள். வாங்கிச் சாக்கின் மேல் ஊற்றினார்.

*

ஒன்றரை மணிக்கு மேல் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. பட்பட்டென்ற ஓட்டத்துக்கு அடியில், மூடிய கதவை யாரோ உள்ளேயிருந்து விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி, டொக், டொக் என்று. பிஸ்டனையும் சுழல்தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடின் அடிப்பக்கம் ஆட்டம் காண்கிறது. புது ஆயிலானாலும், காற்றுக்கு வழி பண்ணினாலும், முதல் ஒன்றரை மணி நேரத்தில் வெந்தது வெந்ததுதான். அதை யாராலும் திரும்பச் சரிபண்ண முடியாது.

வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். தட்டல் தணிந்தது. இரண்டு நிமிஷத்தில் சுவர் ஓரத்தில் நின்ற தீயணைப்பு வீரர் கையை மேலே மேலே ஆட்டினார். தண்ணீர் ஏறுகிறது, கூட்டு என்று. கூட்டினார். டொக், டொக். குறைத்தார். கை ஆடியது. கூட்டினார். இப்படியே முக்கால் மணி நேரம். குறைத்தால் மாப்பிள்ளை, கூட்டினால் எஞ்சின். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு மனிதன் செய்யக்கூடியது எல்லாவற்றையும் செய்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான். ஊர் மெச்சுகிற அந்தக் காதைக் கொண்டுபோய் எங்கேயாவது கழற்றி வைத்துவிடலாம் போல இருந்தது.

திருப்பத்துக்கு அப்பால் மரங்களை அடிக்கிற சத்தம் கேட்டது. முட்டுக் கொடுத்தாகிவிட்டது, ஜாக்கியை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பெயிண்டர் வந்து சொன்னார். "இன்னும் அரை மணி, முக்கா மணிதானாம்ணே."

இரண்டு இருபதுக்கு எஞ்சின் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. உள்ளே ஏதோ மடேரென்று உடைந்தது. கயிறு பிடித்து இழுத்தபோது கல்லை இழுப்பது போல இருந்தது. அசையவில்லை.

தங்கை திருப்பத்தைத் தாண்டி ஓடி வந்தாள். எஞ்சினைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"இழுண்ணே. இழு!"

"ஒட்டிக்கிச்சும்மா."

"இழுண்ணே, அப்ப மாதிரி. பதினோரு தடவை இழுத்தல்ல?"

ஓடாது என்று தெரிந்தும் அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவள் முன்னால் வெறுமனே நிற்க முடியாமல் இழுத்தார்.

பிறகு எல்லாரும் வாளியோடு குழியோரம் வரிசை கட்டினார்கள். தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்கூட வந்து நின்றார்கள். கைமாற்றிக் கைமாற்றி ஊற்றினார்கள். தண்ணீர் ஏறுவது மெதுவானதே தவிர நிற்கவில்லை. காதுக்காரரும் வரிசையில் நின்று வாளி வாங்கிக் கொடுத்தார். புதிதாகக் கொடுத்த முட்டுகளில் ஒன்று ஊறிய மண்ணில் வழுக்கி ஒரு சாண் நகர்ந்தது. அதிகாரி ஜாக்கியை நிறுத்தச் சொன்னார். ஆம்புலன்ஸில் வந்திருந்த டாக்டரம்மாவும் அவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். தங்கையை இரண்டு பெண்கள் பிடித்துச் சந்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். செத்துப்போன எஞ்சினுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார்கள்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளையை மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

*

அதிகாரி போவதற்கு முன்னால் காதுக்காரரின் முதுகில் தட்டினார். "மூணரை மணி நேரம் இழுத்துப் பிடிச்சீங்களே, அதுவே பெருசு. இன்னொரு அரை மணி கிடைச்சிருந்தா காலும் தப்பிச்சிருக்கும். அது நம்ம கையில இல்ல" என்றார்.

அது நம்ம கையில இல்ல. அன்றிலிருந்து அதை எல்லாரும் அவரிடம் சொன்னார்கள். கடைக்கு வருகிறவர்கள் பெயிண்ட் டப்பாக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் தங்கை யாரைப் பார்த்தாலும், "எங்க அண்ணன் இல்லேன்னா இவரு இன்னைக்கு இல்ல" என்று சொல்லி அழுதாள். இரண்டு தடவை அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஒரு தடவை நர்ஸ் வந்துவிட்டாள். இன்னொரு தடவை யாரும் வரவில்லை, அவராகவே வாயை மூடிக்கொண்டார்.

மேஸ்திரி அந்தப் பம்பைக் கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டுப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காதுக்காரர் அதைப் பிரித்தார். கனெக்டிங் ராடு இரண்டாக ஒடிந்து கிடந்தது. தேய்ந்த இடம் நீலம் பாய்ந்திருந்தது. சூட்டில் மட்டும்தான் அந்த நிறம் வரும். தகரம் இருந்திருந்தால் மூன்று மணி வரைக்கும் ஓடியிருக்குமா? அந்த வெயிலில், அந்தச் சந்தில், அந்த வேகத்தில், தகரம் இருந்தும் நின்றுபோன எஞ்சின்களை அவர் பார்த்திருக்கிறார். இல்லாமல் ஓடியதையும் பார்த்திருக்கிறார். உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் வைத்துக்கூடப் பார்த்தார், பைத்தியக்காரனைப் போல. அது ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தினமும் காலையில் காதுக்காரர் போய் அவரைத் தூக்கிக் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பார். குளித்ததும் திரும்பத் தூக்கிக் கட்டிலில் விடுவார். ஆள் ஒல்லி, ஆனால் நீளம். நிலைப்படியில் இடிக்காமல் திருப்புவதற்குள் மூச்சு வாங்கும். தங்கை ஒருத்தியால் முடிகிற காரியம் இல்லை.

அன்று அவர் வந்து சேரவே மத்தியானம் ஆகிவிட்டது, தங்கை கடைக்குப் போயிருந்தாள். காதுக்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நொறுங்கிய தகரம், குப்பை, அரை மணி நேரம் யோசித்தது, மண்ணைத் தள்ளி மூடியது, ஒன்று விடாமல்.

 ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி உதறினார்கள்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"இல்ல."

"சொல்லாதீங்க."

"இல்ல மாப்ள, எனக்குத் தாங்கல. ராத்திரி தூக்கமே..."

"உங்களுக்குத் தாங்கலைன்னு என்கிட்ட கொண்டாந்து எறக்கி வெச்சுட்டீங்க" என்றார் மாப்பிள்ளை. குரல் உயரவில்லை. "எனக்கு இப்ப இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? கோவப்படணுமா? பட்டா, நீங்க நாளைக்கு வர மாட்டீங்க. நீங்க வரலைன்னா என்னைக் குளிக்க வைக்க யாரு இருக்கா? அவ இடுப்பு ஒடிஞ்சிடும். உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்றதுக்குக்கூட ஒரு கால் வேணும் மச்சான். எழுந்து போறதுக்கு."

காதுக்காரர் தலையைத் தூக்கினார். மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "கேக்காதீங்க. தெரியல எனக்கு."

"கேக்கல."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? இன்னும் குளிக்கலையா?" என்றாள்.

"தண்ணி சூடாயிருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை. "ஆறட்டும்னு இருந்தோம்."

அவள் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். காதுக்காரர் எழுந்து, குனிந்து, மாப்பிள்ளையின் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்தார். மாப்பிள்ளை கையை நீட்டி அவர் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள ஒரு கணம் தயங்கினார். பிறகு பிடித்துக்கொண்டார். வேறு வழி இருவருக்கும் இல்லை.